முதுகைத் தாங்கும் எடை குறைந்த வீல்சேர்: டேப்பை எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்

வீல்சேர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் தட்டிப் பார்ப்பது சாய்மானத்தை. அதற்கு முன்னால் சீட் துணியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மடக்கு வீல்சேரில் அது நாளடைவில் தூளி மாதிரி தொய்யும். தொய்ந்ததும் இடுப்பு எலும்பு பின்னால் சரியும், முதுகு கூனும், எடை வால் எலும்பில் இறங்கும். படுக்கைப்புண் வரும் இடங்களில் அதுவும் ஒன்று. அடிப்பக்கம் கெட்டியாக உள்ள மெத்தை போட்டால் தொய்வு வெகுவாகக் குறையும்.

முதலில் அகலம். உட்காரப்போகிறவரைக் கெட்டியான பலகையில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். இடுப்பின் இருபுறமும் தடித்த புத்தகத்தை நிறுத்தி, இடையே அளந்து 2 செ.மீ. கூட்டுங்கள். கடைகளில் சட்டென்று கிடைப்பது 18 அங்குல சீட், அதாவது 46 செ.மீ. மெலிந்தவர் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். சக்கரத்தை எட்டிப் பிடித்தே தோள் நோகும்.

அடுத்து ஆழம். பலரும் கோட்டைவிடுவது இதில்தான். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 5 செ.மீ. கழியுங்கள். சீட் நீளமாக இருந்தால் அதன் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தும். அந்த வலிக்காக அவர் முன்னால் நகர்வார், இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் இடைவெளி விழும். பிறகு எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய சாய்மானமும் முதுகைத் தொடாது.

சாய்மான உயரம் ஆளைப் பொறுத்தது. உடம்பை நிமிர்த்தி வைக்க முடிந்து, தானே சக்கரம் தள்ளுகிறவருக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். கை தாராளமாகப் பின்னால் போகும். உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவருக்குத் தோள் வரை வேண்டும். மெத்தையில் உட்காரவைத்தே இதை அளக்க வேண்டும், 5 செ.மீ. மெத்தை போட்டால் சாய்மானம் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். சாய்மானத் துணிக்குப் பின்னால் தனித்தனியே இறுக்கும் வெல்க்ரோ பட்டைகள் இருந்தால் அதையே எடுங்கள். இடுப்பு எலும்பின் மேல்விளிம்பில் வரும் பட்டையை இறுக்கி, மேலே உள்ளவற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் முதுகு தன் வளைவில் அமரும்.

கால்மிதியில் பாதம் முழுதாகப் பதிய வேண்டும், தொடை சீட்டை விட்டு எழும்பக் கூடாது. கால்மிதிக்கும் தரைக்கும் இடையே 5 செ.மீ. விடுங்கள்.

இரும்பு வீல்சேர் பொதுவாக 17 முதல் 20 கிலோ, அலுமினியம் 12 முதல் 15 கிலோ. விளம்பரத்தில் போடுவது சக்கரமும் கால்மிதியும் கழற்றிய எடையா என்று கேளுங்கள். வீட்டில் அதை ஆட்டோவில் ஏற்றப்போகிறவரையே கடையில் மடக்கித் தூக்கச் சொல்லுங்கள். எடை குறைந்த வண்டி பின்னால் கவிழக்கூடும். கைப்பிடியில் கனமான பை மாட்டாதீர்கள், கவிழ்தடுப்புச் சக்கரம் உள்ளதை வாங்குங்கள்.

பாத்ரூம் கதவையும் அளக்க மறக்காதீர்கள். சீட் அகலத்துடன் சுமார் 20 செ.மீ. கூட்டினால் வண்டியின் மொத்த அகலம் வரும்.

கடைசியாக, கடையிலேயே அரை மணி நேரம் உட்காரவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் வால் எலும்பையும் புட்டத்தையும் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறையவில்லை என்றால் அந்த மெத்தையோ அளவோ அவருக்குச் சேரவில்லை. தண்டுவடக் காயத்தால் உணர்ச்சி இல்லாதவருக்கு இந்தச் சோதனை தினமும் வேண்டும்.