புடவைக் கடையில் ஆக்கள் நிக்காமல் போனதுக்கு மருந்து

யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடை. சம்பளம் கூட்டியும் வேலைக்கு ஆக்கள் நிக்கேல்லை. சின்னக் கடையில் கேள்வித்தாள் கொடுத்துப் பிரயோசனமில்லை. கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுக்கும், எல்லாரும் 'நல்லம்' என்றுதான் எழுதுவினம். முதலாளி இல்லாத நேரம் ஒவ்வொருவரோடும் 15 நிமிடம் தனியக் கதைத்தேன். கேட்டது ஒன்றுதான்: "நேற்று உங்கட வேலையை எது மறிச்சது?"

வந்த பதில்கள்: லீவு முதல்நாள் இரவுதான் தெரியவரும், சனத்துக்கு முன்னால் ஏச்சு, இருக்கக் கதிரை இல்லை. கதிரை அண்டைக்கே வந்தது. ஏச்சை உள்ளறைக்கு மாற்றினோம். லீவுப் பட்டியலை இரண்டு கிழமை முந்தி ஒட்டுகிறோம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு மாதம் முந்தி.

சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கு வேலையாக்களின் சம்பளத்தில் கழிக்கும் 8%, கடை போடும் 12% இரண்டையும் அச்சிடுங்கள். கழிவு மட்டும் தெரிந்தால் சந்தேகம்தான் வளரும்.