நாள்பட்ட இடுப்பு வலி: பிசியோதெரபியா, வாழ்க்கைமுறை ஆலோசனையா?

இடுப்பு வலி, அதாவது கீழ்முதுகு வலி, மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த நிலையில் இருப்பவரை ஒருவர் பிசியோதெரபிக்குப் போகச் சொல்வார். இன்னொருவர் எடையைக் குறைத்து நன்றாகத் தூங்கச் சொல்வார். இரண்டில் எதை முதலில் தொடங்குவது என்று தெரியாமலே பலருக்கு மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் பிரியாமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி ஆகியவற்றையும் மருத்துவர் முதலில் பார்த்தாக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஸ்கேன் அறிக்கையில் ‘தேய்மானம்’, ‘ஜவ்வு பிதுக்கம்’ என்று இருப்பதைக் கண்டு மனம் உடைய வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் இந்தத் தேய்மானம் இருந்தது. நரை முடியைப் போல வயதோடு வருகிற மாற்றம் இது. அதை வைத்து மட்டும் வலிக்குக் காரணம் சொல்லிவிட முடியாது.

தேர்வு செய்வதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். வலி பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வேலையைச் செய்யாமல் விட்டீர்கள், வலித்ததால் விட்டீர்களா அல்லது வலிக்கும் என்று பயந்து விட்டீர்களா, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்பதை இந்தக் குறிப்பே பெரும்பாலும் காட்டிவிடும்.

குனிவதற்கும் தூக்குவதற்கும் பயமே குறிப்பு முழுவதும் தெரிந்தால் பிசியோதெரபியில் தொடங்குங்கள். பல மாதங்களாகக் குனியாமல், கீழே விழுந்த பேனாவைக்கூட மேசையைப் பிடித்துக்கொண்டு எடுக்கிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் அவரை முதலில் முழங்கால் உயர முக்காலியின் மீது கை வைக்கும் அளவுக்கு மட்டும் குனியச் சொல்வார். அது பழகியதும் தரை வரை, பிறகு காலி வாளி, பிறகு பாதி நீர் நிரம்பிய வாளி என்று படிப்படியாகக் கொண்டுபோவார். தசை வலுப்பெறுவதோடு, குனிந்தால் முதுகு உடைந்துவிடாது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. மாறாக, வாரக்கணக்கில் உங்களைப் படுக்க வைத்து முதுகை இழுத்து வைக்கும் இழுவை சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒலி சிகிச்சை, மின்தூண்டல் மட்டும் கொடுத்து, வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லித்தராத இடமாக இருந்தால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய கல்வியையும் ஆதரிக்கிறது. இழுவை சிகிச்சையையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

பயமோ பலவீனமோ பெரிதாக இல்லை, ஆனால் தூக்கம் கெட்டிருக்கிறது, எடை கூடியிருக்கிறது, புகைப்பழக்கம் இருக்கிறது, நாள் முழுவதும் நாற்காலியிலேயே போகிறது என்றால் வாழ்க்கைமுறை ஆலோசனை முதலிடம் பெறுகிறது. ‘எடையைக் குறையுங்கள்’ என்று ஒரு வரி சொல்லி அனுப்புவதை நான் ஆலோசனை என்று கருதவில்லை. அது வலியில் இருப்பவருக்குக் குற்ற உணர்வை மட்டுமே தருகிறது. உங்களோடு சேர்ந்து ஒரு சிறிய இலக்கை வகுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை பேசி, தடை எங்கே வந்தது என்று கேட்டு, மாதக்கணக்கில் கூடவே வருவதுதான் ஆலோசனை.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தவும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 346 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், வழிகாட்டுதல்களின்படியான முதுகுப் பராமரிப்போடு எடை, உணவு, உடலுழைப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கான ஆதரவும் பெற்றவர்களுக்கு, முதுகுப் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அன்றாட இயலாமை குறைந்தது. 24 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் சுமார் 1.3 புள்ளிதான், பெரிய பலன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடையும் சராசரியாக 1.6 கிலோ கூடுதலாகக் குறைந்தது. அந்தப் பலன் முதுகோடு நின்றுவிடுவதில்லை.

இரண்டுக்கும் வழி இல்லாதவர் நடையில் தொடங்கலாம். முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்டவர்களுக்கு நடைத் திட்டமும் பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டலும் கொடுத்துப் பார்த்த, 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாதிப் பேருக்கு வலி திரும்ப வருவதற்கு ஆன காலம், திட்டம் பெறாதவர்களுக்கு இருந்த 112 நாட்களிலிருந்து 208 நாட்களாக நீண்டது. சிரமமில்லாத அளவில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டுங்கள்.

எந்த வழியானாலும் 6 முதல் 8 வாரங்கள் கழித்து முதல் வாரக் குறிப்பை எடுத்து, விட்டுப்போன வேலைகளில் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் மற்ற வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் வலி கூடுகிற நாட்கள் நிச்சயம் வரும். அன்று பயிற்சியை நிறுத்தாமல் பாதியாகக் குறைத்துச் செய்துவிட்டு, வலி தணிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.