நாவல் வரைவுக்கு அத்தியாயவாரியாக மதிப்பெண்

ஆங்கிலத்தில் நாவல் எழுதுகிறீர்களா? வாசிப்பு எளிமை மதிப்பெண்ணை மொத்தக் கோப்புக்கும் சேர்த்துப் பார்க்காமல், அத்தியாயம் அத்தியாயமாகப் பாருங்கள். எது மற்றவற்றைவிடச் சட்டென்று இறங்குகிறதோ, திருத்தத்தை அங்கே தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆப்ஷன்ஸ் போய், அப்புறம் புரூஃபிங்கில் 'Show readability statistics' என்பதை டிக் செய்துவிட்டால், எழுத்துப்பிழைச் சோதனை முடிந்ததும் எண் வந்துவிடும்.

இந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையாக, வாசிப்பு எளிமையை ஆராய்ந்த ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-ல் தந்த சூத்திரம் இரண்டைத்தான் பார்க்கிறது: வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை. 100-ஐ நெருங்க நெருங்க எளிது. முதல் வரைவில் மூச்சுமுட்டும் வாக்கியங்கள் பெரும்பாலும் பாத்திரத்தின் பழைய கதையைச் சொல்லும் இடத்தில்தான் குவியும். மொத்தச் சராசரியில் அது மறைந்துபோகும்.

உரையாடல் நிறைந்த அத்தியாயம் வாங்கும் அதிக மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். ஒற்றை வரிப் பதில்களே அதை ஏற்றிவிடும். வாக்கியத்துக்குள் சொற்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டாலும் எண் மாறாது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்! தமிழ் வரைவுக்கு இது சரிவராது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது ஒரே சொல்லாகக் கணக்காகும். தமிழுக்கு வாக்கிய நீளத்தை மட்டும் பார்த்தால் போதும்.