ஓவியக் கண்காட்சித் திறப்புக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையில் எங்காவது ஓர் ஓவியக் கண்காட்சி நடக்காத வாரம் அநேகமாக இல்லை. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு மையம், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், இவை தவிரத் தனியார் காலரிகள், அதாவது ஓவியக் கூடங்கள். காலரிகளில் பெரும்பாலும் அனுமதி இலவசம். இருந்தும், அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்கித் திரும்பியவர்கள் என் நண்பர்களிலேயே பலர் உண்டு. அழைப்பிதழ் இல்லையே என்பார்கள். படம் வாங்கக் காசில்லையே என்பார்கள். இரண்டுமே தேவையில்லை. அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கண்காட்சிக்கு இரண்டு முறை போக வேண்டும். திறப்பு நாள் மாலை மனிதர்களைப் பார்க்க. வேறொரு நாள் காலை படங்களைப் பார்க்க. ஒரு முறைதான் முடியும் என்றால் காலை நேரத்தையே தேர்ந்தெடுங்கள்.

1. கண்காட்சியைத் தேர்ந்தெடுப்பது

ஆங்கில, தமிழ் நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியிலும் காலரிகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் அறிவிப்பு வரும். தொடக்கத்தில் குழுக் கண்காட்சியாகப் பாருங்கள். பத்துப் பேரின் படைப்புகள் இருந்தால் ஒன்றாவது உங்களை நிறுத்தி வைக்கும். தனிநபர் கண்காட்சியில் அந்த ஒருவரின் போக்கு பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

தேதியைக் கவனியுங்கள். ஓவியர்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் அரங்குகளில் சில நாட்களிலேயே படங்களைக் கழற்றிவிடுவார்கள். தனியார் காலரிகளில் சில வாரங்கள் இருக்கும். பல காலரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். அங்கே நுழைவுக் கட்டணமும் உண்டு.

2. போவதற்கு முன் ஒரு பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் போய் வாருங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் சேர்ந்து 1966இல் தொடங்கிய கலைஞர் கிராமம் அது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். கேட்டு வாங்கியதல்ல, உழைத்துச் சேர்த்தது என்பதால் அந்த மண்ணை மிதிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை தோன்றும். அங்குள்ள அருங்காட்சியகத்தில், அந்தக் கல்லூரியைச் சுற்றி உருவான சென்னைக் கலை இயக்கத்தின் முக்கியமானவர்களின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

பணிக்கர் 1960களில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன் நில்லுங்கள். கட்டங்கள், எண்கள், சிறு உருவங்கள், நெருக்கமாக எழுதிய வரிகள். வீட்டுப் பீரோவில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கும் ஜாதகம் நினைவுக்கு வரும். எழுத்தைப் படிக்க முயல்வீர்கள், படிக்க வராது. அது படிப்பதற்கான எழுத்தே அல்ல. பொருள் கழன்றுபோன பின்னும் எழுத்துக்கு ஒரு அழகும் அதிகாரமும் எஞ்சி நிற்பதை அங்கே கண்ணாலேயே உணரலாம். 'புரியவில்லை' என்ற நிலையில் பத்து நிமிடம் அமைதியாக நிற்கப் பழகிவிட்டால், எந்தக் காலரிக்கும் நீங்கள் தயார்.

3. திறப்பு நாள் மாலை

அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்றிருந்தால் உங்களையும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் முந்தைய நாள் தொலைபேசியில் "திறப்புக்கு வரலாமா?" என்று கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு.

சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு முதுகுகளைத்தான் பார்க்க முடியும். பிறகு குத்துவிளக்கு ஏற்றுவார்கள், சிலர் பேசுவார்கள், தேநீர் வரும். ஓவியர் பேசினால் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். எந்தப் பொருளை ஏன் எடுத்தேன், எங்கே தடுமாறினேன் என்று அவர் சொல்லும் இரண்டு வாக்கியங்கள், அச்சிட்ட கையேட்டின் இரண்டு பக்கங்களைவிட உதவும். தேநீர்க் கோப்பையோடு படத்தின் அருகே போகாதீர்கள். தோள்பையைக் கழற்றி முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள், பிளாஷ் வேண்டாம்.

4. பெயர்ச்சீட்டைப் படிப்பது

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் என எதனால் செய்தது என்பது), அளவு, ஆண்டு இருக்கும். அளவில் பெரும்பாலும் உயரம் முதலில் வரும், அகலம் பிறகு. 'தலைப்பிடப்படாதது' என்றிருந்தால் அது சோம்பல் அல்ல. சொல் உங்கள் பார்வைக்கு வேலி போட வேண்டாம் என்று ஓவியர் நினைத்திருக்கலாம். மரச்செதுக்கு, உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங் போன்ற அச்சோவியங்களில் கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று எழுதியிருப்பார்கள். பத்துப் பிரதிகளில் இது மூன்றாவது என்று பொருள். பெயர்ச்சீட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது.

படத்தைப் பார்த்த பிறகு சீட்டைப் படியுங்கள். மாற்றிச் செய்தால் தலைப்பு சொன்னதை மட்டுமே கண் தேடும்.

5. இரண்டாவது முறை

வார நாளில், காலை பதினொரு மணிக்குப் போங்கள். அநேகமாக நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அரங்கை ஒரு சுற்று வேகமாக நடந்துவிட்டு, உங்களை இழுத்த மூன்று படைப்புகளுக்கு மட்டும் திரும்பி வாருங்கள். முதலில் எட்ட நின்று, பிறகு ஓர் அடி தூரத்தில், பிறகு பக்கவாட்டில். பக்கவாட்டில் நின்றால்தான் வண்ணத்தின் தடிமன் தெரியும். ஓவியர் எங்கே வண்ணக் கத்தியால் இழுத்தார், எங்கே துணியால் துடைத்தார் என்பது தெரியும்.

உங்கள் தொழில் எதுவோ அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். முப்பது வருடம் தையல் கடை நடத்திய என் சித்தியை ஒரு முறை துணி, நூல் படைப்புகளின் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். ஆளுயரத் துணி ஒன்றில் சிவப்பு நூலால் ஒரு கிணற்றின் வடிவம். நான் வண்ணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அருகே போனார்.

"நல்ல பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறதே. இது உள் பக்கம். முடிச்செல்லாம் நம்மைப் பார்த்து இருக்கிறது பார்."

அப்போதுதான் கவனித்தேன். கிணற்றின் விளிம்பெங்கும் நூல் முடிச்சுகள், நறுக்காமல் விட்ட வால்கள், ஒரு தையலிலிருந்து அடுத்ததற்குத் தாவிப்போன நீண்ட இழைகள். அங்கே இருந்த ஓவியரிடம் சித்தியே கேட்டுவிட்டார். "எல்லோரும் நல்ல பக்கத்தைத்தான் காட்டுகிறோம் அம்மா, வேலை முழுவதும் இந்தப் பக்கத்தில்தானே நடந்திருக்கிறது" என்றார் அவர். சித்தி நெடுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தச்சருக்கு மரத்தின் இழை தெரியும். செவிலியருக்குப் படத்தில் வரைந்திருக்கும் கையின் வலி தெரியும். கலை வரலாறு படித்தவரின் கண்ணுக்குத் தப்புவது உங்கள் கண்ணில் படலாம்.

6. ஓவியரிடமும் காலரியிலும் பேசுவது

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்காதீர்கள். பதில் சொல்ல மிகக் கடினமான கேள்வி அது. "இந்த ஓரத்தை ஏன் வெறுமையாக விட்டீர்கள்?" என்று ஓர் இடத்தைச் சுட்டிக் கேளுங்கள். "இதை எத்தனை நாள் செய்தீர்கள்?" என்றும் கேட்கலாம். முகம் மலர்ந்து பேசுவார்கள்.

விலைப் பட்டியல் வரவேற்பு மேசையில் இருக்கும். கேட்பதால் வாங்கும் கடமை வராது. வாங்கும் ஆசை வந்தால் அச்சோவியங்களையும் காகிதத்தில் மையால் வரைந்தவற்றையும் முதலில் பாருங்கள், கேன்வாஸைவிடப் பொதுவாக விலை குறைவு. ஓவியரின் கையெழுத்திட்ட சான்றிதழையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவணையில் தர முடியுமா என்றும் கேட்கலாம்; சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

கிளம்பும் முன், மேசையில் இருக்கும் பார்வையாளர் ஏட்டில் எழுதுங்கள். 'அருமை, வாழ்த்துகள்' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் படத்தின் எந்த இடம் உங்களை நிறுத்தியது என்று ஒரு வரி. கண்காட்சி முடிந்த இரவு ஓவியர்கள் அந்த ஏட்டை உட்கார்ந்து படிப்பார்கள். அதன் கீழே மின்னஞ்சல் முகவரியையும் எழுதி வையுங்கள். அடுத்த திறப்புக்கான அழைப்பு அதில் வரும்.