கடற்கரைல மத்தியானக் கச்சேரியா? முதல்ல காத்தைக் கேளுங்க

ராமநாதபுரம் பக்கம் ரிசார்ட்லயோ பீச்ல வைக்கிற ரிசப்ஷன்லயோ மத்தியானம் மூணு மணிக்குப் பாட்டுக் கச்சேரின்னு அட்வான்ஸ் வாங்கிட்டீங்கன்னா, பாட்டு லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அந்த மாசத்துல அந்தக் கரைல காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னு. இதை சவுண்ட் சர்வீஸ்காரரை விட கரைல வலை பிரிச்சுட்டு இருக்கிற அண்ணன்கிட்ட கேளுங்க, அவர் கரெக்டா சொல்லுவாரு.

இங்க நமக்கு ரெண்டு கடல். அரியமான், மண்டபம் வடக்குக்கரை இதெல்லாம் வடகடல், அதாவது பாக் விரிகுடா. ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. ஜூன், ஜூலைல கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கிறப்போ தென்கடல் கரைல காத்து கடல்ல இருந்து முகத்துல அறையும், அதே நாள்ல அரியமான்ல அது நிலத்துப் பக்கமிருந்து வந்து கடலுக்குப் போகும். கார்த்திகை மார்கழில வாடை, அதாவது வடகிழக்குக் காத்து வந்தா அப்படியே தலைகீழ். அதனால போன தடவை இதே பீச்ல மேடை இப்படித்தான் போட்டோம்னு யாராவது சொன்னா எந்த மாசம்னு கேட்டுக்கோங்க.

மேடையோட முதுகு காத்துக்கு இருக்கணும், ஜனங்க காத்து போற திசைல உக்காரணும். காத்தோட போற சத்தம் கீழ வளைஞ்சு ஆளுங்க காதுக்கு வரும், காத்தை எதிர்த்துப் போற சத்தம் மேல வளைஞ்சு தலைக்கு மேல போயிடும், கடைசி வரிசைல இருக்கவங்களுக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரியும். இன்னொரு லாபமும் இருக்கு, பாடறவங்க உடம்பே மைக்குக்கு மறைப்பா நிக்கும். அப்பவும் மைக்குக்கு ஸ்பாஞ்ச் மூடி போடுங்க, மிக்ஸர்ல வோக்கல் சேனலுக்கு லோ கட்டை (அடிச் சத்தத்தை வெட்டற பட்டன்) 100, 120 ஹெர்ட்ஸ்ல வைங்க, அந்த புஸ்ஸு புஸ்ஸுங்கிற சத்தம் பாதி போயிடும்.

மேடைக்குப் பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ் கட்டணும்னு வீட்டுக்காரங்க கேப்பாங்க. காத்து அதிகமானா பாம்பன் பாலத்துல ரயிலையே நிறுத்தி வைக்கிற ஊரு இது, மூங்கில்ல கட்டின ஃப்ளெக்ஸ் எம்மாத்திரம். காத்து புகுந்து போற மாதிரி பச்சை ஷேட் நெட் கட்டச் சொல்லுங்க, பேரு போட்ட பேனர் வேணும்னா சின்னதா முன்னாடி தொங்கட்டும். ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஒவ்வொரு கால்லயும் மணல் மூட்டை வைக்கணும், குழந்தைங்க ஓடிட்டே இருக்கிற இடம், இதுல விட்டுக் கொடுக்காதீங்க.

வெயில் விஷயம். அரியமான் மாதிரி கிழக்கு மேற்கா கிடக்கிற கரைல சூரியன் பக்கவாட்டுல போயிடும், பிரச்சனை கம்மி. தொண்டிப் பக்கம் கடல் கிழக்க இருக்கறதால கடலுக்கு முதுகு காட்டி நின்னா நாலு மணி வெயில் நேரா கண்ணுல அடிக்கும், பந்தலோட முன்பக்கத்தை இறக்கிக் கட்டச் சொல்லுங்க. ஆம்ப்ளிஃபயர் நிழல்லதான் இருக்கணும், கறுப்புப் பெட்டி வெயில்ல காஞ்சா பாதிப் பாட்டுல தானா ஆஃப் ஆயிடும்.

ஸ்ருதி சேக்கறதுக்கு அவசரப்படாதீங்க. வெயில் பட்டா தபேலா தோல் இறுகி ஸ்ருதி ஏறும், சாயங்காலம் கடல் ஈரம் பட்டா தளர்ந்து இறங்கும், கிட்டார் கம்பி சூட்டுல இறங்கும், புல்லாங்குழல் ஏறும், கீபோர்டு மட்டும் அப்படியே இருக்கும். எல்லாத்தையும் மேடை நிழல்ல ஒரு அரை மணி நேரம் வச்சுட்டு அப்புறம் கீபோர்டுக்குச் சேருங்க, அஞ்சு மணிக்கு மேல இன்னொரு தடவை சரி பாருங்க.

கரண்டு விஷயத்துல உயிர் இருக்கு. ஜெனரேட்டரை மேடைக்கு நேர் பின்னாடி வச்சா புகையும் சத்தமும் காத்தோட ஜனங்க மேலயே வரும், பக்கவாட்டுல தள்ளி வைங்க. காஞ்ச மணல்ல எர்த் ஒழுங்கா கிடைக்காது, எர்த் ராடை ஈர மணல் வர்ற ஆழத்துக்கு அடிச்சு உப்புத் தண்ணி ஊத்துங்க, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே லைனை அணைக்கிற சுவிட்ச்) இல்லாத லைன்ல மைக்கைப் பிடிக்காதீங்க, கடல்ல கால் நனைச்சுட்டு வந்து மைக் கேக்கற மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் எல்லா கல்யாணத்துலயும் உண்டு.

சத்தம் பத்தலைன்னு பின்னாடி இருந்து கை காட்டினா வால்யூமை ஏத்தாதீங்க, முன்வரிசை ஜனம் எந்திரிச்சுப் போயிடும். மேடைல இருந்து 35 மீட்டர் தள்ளி சின்னதா ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைங்க. அந்த வெயில்ல சத்தம் செகண்டுக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும், அதனால அந்த ஜோடிக்கு 100 மில்லி செகண்ட் டிலே, அதாவது தாமதம் கொடுத்தா எக்கோ மாதிரி ரெண்டா கேக்காது. அதுக்கும் மேல நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போடச் சொல்லி மைக்லயே அன்பா கூப்பிடுங்க, நம்ம ஜனங்க வருவாங்க.

பாட்டு வரிசைக்கு வருவோம். முதல் ஒரு மணி நேரம் சாப்பிட்ட களைப்பு, பசங்க தண்ணில, அப்போ எண்பதுகள் மெலடி போதும், ஆனா மெல்லிசா வயலின்ல ஆரம்பிக்கிற பாட்டை எடுக்காதீங்க, அந்த முன்னிசையைக் காத்து தின்னுடும். குரலோ தாளமோ முதல்ல வர்ற பாட்டா எடுங்க. உச்ச ஸ்தாயிப் பாட்டையெல்லாம் தொண்டை காயறதுக்கு முன்னாடியே பாடிடுங்க, தேவைப்பட்டா அரை ஸ்ருதி இறக்குங்க, ஐஸ் தண்ணி வேண்டாம். பக்கத்துப் பள்ளிவாசல்ல அஸர் (சாயங்காலத்துக்கு முந்தின தொழுகை) பாங்கு சொல்ற நேரத்தை முன்னாடியே விசாரிச்சு அந்த இடத்துல இடைவேளை விடுங்க, இந்தக் கரைல எல்லாரும் மதிச்சு நடந்துக்கிற விஷயம் அது. குத்துப் பாட்டெல்லாம் வெயில் தாழ்ந்த பிறகு.

பகல்ல நடந்தாலும் ஸ்பீக்கருக்கு எழுத்துல அனுமதி வேணும், 2000-ம் வருஷ ஒலி மாசு விதி அதைத்தான் சொல்லுது. ரிசார்ட்ல டிக்கெட் போட்டு நடத்தினா ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதினவங்க, இசையமைச்சவங்க உரிமைச் சங்கம்) லைசென்ஸை யார் எடுக்கறாங்கன்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க. கல்யாணக் கொண்டாட்டத்துக்கு காப்பிரைட் சட்டம் 52-வது பிரிவுலயே விலக்கு இருக்கு.

முடிஞ்சதும் கேபிளை மணலோட சுத்தாதீங்க, துடைச்சுட்டே சுத்துங்க. கிட்டார் கம்பியை அன்னைக்கு ராத்திரியே காஞ்ச துணியால துடைக்கணும், ஜாக் பின்னுக்கெல்லாம் கான்டாக்ட் கிளீனர் அடிச்சுட்டுப் பெட்டில வைங்க, உப்பு மறுநாள் வரைக்கும் காத்திருக்காது.