துணியின் பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை

கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணிச் சுருள்களுக்கு நடுவே நின்று "இது கொட்டனா, சட்டினா?" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். கடைக்காரர் இரண்டில் ஒன்றைச் சொல்வார்; கேட்டவரும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணி மூன்று யார் வெட்டி வாங்கிச் செல்வார். கொட்டன் என்பது இழையின் பெயர், சட்டின் என்பது நெசவின் பெயர். பருத்தியிலும் பட்டிலும் பொலியெஸ்டரிலும் சட்டின் நெய்யலாம் என்பதால், அந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் எந்த விடையும் துணியைப் பற்றிப் பாதியைத்தான் சொல்லும். (இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சொல்: இங்கே புடவைக் கடை என்றால் எல்லாவகைத் துணியும் விற்கும் கடை; பெண்கள் உடுத்துவதைச் சேலை என்போம்.)

எந்தத் துணியைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பழக வேண்டும். இழை எது, அந்த இழை எப்படி நூலாக்கப்பட்டது, நூல் எப்படி நெய்யப்பட்டது, நெய்த பின் துணிக்கு என்ன செய்தார்கள் என்பவையே அவை. கடையில் வழங்கும் பெயர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் விடையாக இருக்கும். விஸ்கோஸ், லினன் ஆகியவை இழையைச் சொல்கின்றன. ஜோர்ஜெட், வொயில் ஆகியவை நூலின் முறுக்கையும் நெசவையும் சேர்த்துச் சொல்கின்றன. பற்றிக் என்பது நெய்து முடிந்த பின் நடந்த சாயவேலையைச் சொல்கிறது. ஒரு பெயர் காதில் விழுந்தவுடன் அது எந்தக் கேள்விக்கு விடை என்று கண்டுகொண்டு, மற்றவற்றைக் கேட்டோ சோதித்தோ அறிய வேண்டும்.

இழையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் கொழும்பின் புழுக்கத்தில் உடம்புக்கு முதலில் தெரிவது அதுதான். நிர்ணயிக்கப்பட்ட ஆய்வுச் சூழலில் பருத்தி தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 7 முதல் 8.5 பங்கு வரை ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும். பொலியெஸ்டர் வைத்திருப்பது 0.4 பங்கு மட்டுமே. சித்திரை மாதத்து மதியத்தில் பொலியெஸ்டர் சட்டை முதுகில் ஒட்டுவதற்கும் பருத்திச் சட்டை ஒட்டாமல் கனப்பதற்கும் இந்த வேறுபாடே காரணம். பட்டும் விஸ்கோஸும் பருத்தியைவிடக் கூடுதலாகவே ஈரம் ஏற்பவை. கம்பளி அவை எல்லாவற்றையும் விஞ்சும், ஆனாலும் நம் ஊரில் அதற்கு வேலை குறைவு.

இழையை அறிய வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை நெருப்புச் சோதனை. துணியின் ஓரத்திலிருந்து நெடுக்கு நூல் சிலவற்றையும் குறுக்கு நூல் சிலவற்றையும் தனித்தனியே உருவி எடுங்கள். இரண்டும் ஒரே இழையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். நெடுக்கே பட்டும் குறுக்கே பருத்தியுமாக நெய்த துணிகள் உண்டு. நூல்களைச் சிறிய கற்றையாக முறுக்கி உலோகச் சாமணத்தால் பிடித்து, தண்ணீர் உள்ள பாத்திரத்துக்கு மேலே வைத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுங்கள். பருத்தி மஞ்சள் சுடரோடு விரைந்து எரியும், கடதாசி எரியும் மணம் வரும், விரல் பட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். பட்டும் கம்பளியும் மயிர் பொசுங்கும் மணத்தோடு மெதுவாக எரிந்து, சுடரை விலக்கியதும் தாமே அணையும். மிஞ்சும் கருமணி நசுக்கினால் பொடியாகிவிடும். பொலியெஸ்டர் சுடரைக் கண்டவுடன் சுருங்கி விலகி, உருகிச் சொட்டி, கரும்புகை விட்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாக உறையும். பருத்தியோடு பொலியெஸ்டர் கலந்திருந்தால் சாம்பலுக்குள்ளே அந்தக் கெட்டி மணி விரலுக்கு அகப்படும். பள்ளிச் சீருடைக்கும் அலுவலகச் சட்டைக்கும் பயன்படும் துணிகளில் பொலியெஸ்டர் 65க்குப் பருத்தி 35 என்ற கலப்பு மிகச் சாதாரணமானது, அதில் குறையும் இல்லை. வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

விஸ்கோஸைப் பருத்தியிலிருந்து நெருப்பு பிரித்துக் காட்டாது. மரக்கூழிலிருந்து செய்யப்படுவதால் அதுவும் கடதாசி போலவே எரியும். அதற்கு வேறு சோதனை உண்டு. ஒரு நூலை உருவி, நடுவில் ஒரு துளி நீரால் நனைத்து, இரு முனையையும் பிடித்து இழுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால் ஈரமான இடத்திலேயே அறும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும் என்பதால் உலர்ந்த இடத்தில் அறும். விஸ்கோஸ் உடையைத் தோய்க்கும்போது முறுக்கிப் பிழியக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இந்தச் சோதனைகளைப் பழகுவதற்கு முன்பு, பட்டு என்று சொல்லி விற்ற ஒரு துணியை நம்பி வாங்கி, சட்டையாகத் தைத்து, முதல் முறை இஸ்திரிக்கை வைத்தபோது அது பளபளத்துச் சுருங்கி உருகியதைப் பார்த்து நின்றேன். தைத்த இரண்டு நாள் உழைப்பு அதோடு போயிற்று. அன்றிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டை முன்கூட்டியே கேட்டு வாங்காமல் நான் பட்டு எடுப்பதில்லை.

நூலைப் பற்றி இரண்டு விடயங்கள் போதும். பருத்தி நூலின் எண் என்பது ஓர் இறாத்தல் எடையில் 840 யார் நீளமுள்ள கழிகள் (நூற்சுற்றுகள்) எத்தனை அடங்கும் என்பதைக் குறிப்பது. 40ஆம் நம்பர் நூல் ஓர் இறாத்தலில் 33,600 யார் ஓடும். ஆகவே எண் கூடினால் நூல் மெல்லியது. பட்டுக்கும் செயற்கை இழைகளுக்கும் வழங்கும் டெனியர் அளவு இதற்கு நேர்மாறானது: 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கும் என்பதே டெனியர், ஆகவே எண் கூடினால் நூல் தடித்தது. அடுத்தது முறுக்கு. வொயிலில் முறுக்கு அதிகம், அதனால்தான் மெல்லியதாக இருந்தும் மொரமொரப்பாக இருக்கிறது. ஜோர்ஜெட்டில் இடமுறுக்கும் வலமுறுக்கும் மாறி மாறி வைக்கப்படுவதால் நூல்கள் ஒன்றையொன்று இழுத்து, துணியின் முகத்தில் அந்த மெல்லிய மணற்சொரசொரப்பு உண்டாகிறது.

நெசவில் முதலில் பாவையும் ஊடையையும் பிரித்தறிய வேண்டும். தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டப்பட்ட நூல் பாவு. நாடா என்னும் தறிக் கருவி அதனூடே குறுக்காகக் கொண்டு செல்லும் நூல் ஊடை. துணியின் இரு பக்கமும் பிரியாமல் கெட்டியாக இருக்கும் கரை பாவின் போக்கிலேயே ஓடும். கரை வெட்டப்பட்ட துண்டு கையில் இருந்தால் இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள்; கொடுக்காமல் விறைத்து நிற்கும் திசை பாவு, சற்றே இளகும் திசை ஊடை. தறியில் ஏற்பட்ட இழுவிசையைப் பாவு துணியான பின்பும் சுமந்துகொண்டிருக்கிறது. சட்டையின் நீளம் பாவோடு போகும்படி வெட்டினால் அது தொங்கிப் போகாமல் நிற்கும். மூலைவாட்டில், அதாவது 45 பாகையில் இழுத்தால் எந்த நெசவுத் துணியும் நன்றாக இளகிக் கொடுக்கும். கழுத்து வளைவுக்கு வைக்கும் பட்டியை மூலைவாட்டில் வெட்டுவது இந்த இளக்கத்துக்காகத்தான். துணி என்ற சொல்லே துணித்தல், அதாவது வெட்டுதல் என்பதிலிருந்து வந்தது. சங்க காலத்துச் சொல்லான அறுவையும் அறுத்தலில் பிறந்தது. நம்முடைய மொழி துணியை வெட்டோடு சேர்த்தே நினைத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

அடிப்படை நெசவுகள் மூன்று. ஊடை ஒரு பாவுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகப் போவது சாதா நெசவு. பொப்ளின், வொயில், மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஆகியவற்றில் காண்பது இதுவே. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளிப் போனால் சாய்வான வரிகள் தோன்றும். டிறில், கபடீன், டெனிம் ஆகியவை இந்தச் சாய்வரி நெசவு. டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை, ஆகவே உட்புறம் வெளிறியிருக்கும். நூல் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நூல்களின் மேல் தாண்டி மிதந்து, பின்னர் ஒன்றின் கீழ் மட்டும் புகுந்தால் அது சட்டின். மிதக்கும் நூல்களில் ஒளி தடையின்றிப் பட்டு மின்னுகிறது. அதே நூல்கள் வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடுகின்றன. அன்றாட உடுப்புக்குச் சட்டின் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரீசேட் துணியில் பாவும் ஊடையும் கிடையா. அது கண்ணிகளால் ஆன பின்னல் துணி, ஆகவே எல்லாத் திசையிலும் இழுபடும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். அதை வாங்கும்போது ஒரு சதுர மீற்றர் எத்தனை கிராம் நிறுக்கும் என்று கேளுங்கள். 150 முதல் 180 வரை நம் காலநிலைக்குப் போதுமானது.

இறுதிப் பதனிடல்தான் வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது. தறியிலிருந்து இறங்கும் கோராத் துணி மங்கலாகவும் கஞ்சியோடும் இருக்கும். அதை வெளுத்துச் சாயமிட்டு மெருகேற்றிய பின்பே அது கடைக்கு வருகிறது. தளர்வாக நெய்த மலிவுத் துணிக்குக் கஞ்சி ஏற்றினால் முதல் பார்வையில் அது நெருக்கமாகவும் கனமாகவும் தோன்றும். ஒரு முனையை இரு கைகளாலும் பிடித்துக் கசக்குங்கள். வெண்பொடி உதிர்ந்து துணி தொய்ந்தால் நீங்கள் காசு கொடுப்பது கஞ்சிக்கு. மேர்சரைஸ் செய்த பருத்தி அப்படியானதன்று. 1844இல் ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர், எரிசோடாக் கரைசலில் பருத்தி இழை பருத்து வலுப்பெறுவதையும் சாயத்தை நன்றாகப் பிடிப்பதையும் கண்டார். பின்னர் 1890இல் ஹொரஸ் லோ அதை இழுத்துப் பிடித்தபடி செய்தபோது மினுக்கமும் கூடியது. அந்த மினுக்கம் தோய்த்தாலும் போகாது.

கட்டம்போட்ட துணியில் நிறம் இருபுறமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் நூலுக்குச் சாயமிட்டு நெய்தது. உட்புறம் வெளிறியிருந்தால் மேலே அச்சிட்டது. பற்றிக்கிலும் இதே வழிதான். உருகிய மெழுகால் மறைத்துச் சாயத்தில் தோய்த்தெடுப்பதால் உண்மையான பற்றிக்கில் வடிவம் இருபுறமும் தெரியும், மெழுகு வெடித்த இடங்களில் மெல்லிய நரம்புக் கோடுகள் ஓடும். ஒரே நரம்பு அமைப்பு முழத்துக்கு முழம் அப்படியே திரும்பி வந்தால் அது அச்சு. எந்த நிறத் துணியையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பின்பே விலை பேசுங்கள்.

வாங்கி வந்த பருத்தியை உடனே வெட்ட வேண்டாம். ஆலையில் முன்கூட்டியே சுருக்கப்படாத துணி நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே இரண்டரை மீற்றரில் பன்னிரண்டரை சென்ரிமீற்றர் போய்விடும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே பாவின் போக்கில் இஸ்திரி போடுங்கள். பிறகு வெட்டு முனையில் ஓர் ஊடை நூலைப் பிடித்து மெதுவாக உருவினால் துணியின் குறுக்கே நேர்கோடு ஒன்று தெரியும். கத்தரிக்கோலை அந்தக் கோட்டில் வையுங்கள்.