ரகோவ்ஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சோஷலிஸ்ட் புரட்சியாளரும் சோவியத் தலைவர்களில் ஒருவருமான கிறிஸ்டியன் ரகோவ்ஸ்கியை ஒரு கட்டுரை ருமேனியர் என்கிறது, இன்னொன்று ரஷ்யர் என்கிறது, மூன்றாவது உக்ரைன் தலைவர் என்கிறது. யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

1873இல் அவர் பிறந்த கோத்தெல் பல்கேரிய ஊர். ஆனால் அப்போது பல்கேரியா என்று தனி நாடு கிடையாது. அது ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆகவே 'பல்கேரிய நாட்டில் பிறந்தார்' என்று எழுதினால் முதல் வரியே தவறு. 1878இல் கருங்கடல் கரையிலுள்ள வடக்கு தோப்ருஜா பகுதி ருமேனியாவிடம் போனது. ரகோவ்ஸ்கியின் குடும்பமும் பிறகு அங்கே குடியேறியதால் அவர் ருமேனியக் குடிமகனானார். 1907இல் அவரை நாட்டைவிட்டுத் துரத்திய ருமேனிய அரசு, அந்தக் குடியுரிமையையே செல்லாது என்றது. 1912இல்தான் அவரால் திரும்பி வர முடிந்தது.

பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. அவருடைய இயற்பெயர் க்ரஸ்த்யோ ஸ்தான்சேவ். பல்கேரிய விடுதலைப் போராட்டத்தின் பெரிய பெயர்களில் ஒன்றான கியோர்கி ரகோவ்ஸ்கி (இறப்பு 1867) தாய்வழி உறவினர். அவர் நினைவாகவே பெயரை மாற்றிக்கொண்டார். இந்த இருவரையும் ஒரே ஆளாக்கிவிடும் தேடல் முடிவுகள் ஏராளம். ஆண்டைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, பல்கேரியர் என்பதால் அவரைப் பல்கேரியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நிறுவனராக்குவது. அந்த மரபின் தலைவர் திமிதர் பிளாகோயெவ். ரகோவ்ஸ்கியின் களம் வேறு. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு 1890இல் ஜெனிவா போனவர், ரஷ்ய மார்க்சியர் பிளெகானோவையும் போலந்துப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கையும் அங்கே அறிந்துகொண்டார். ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்டார், பிரான்சில் மொன்பெலியே நகரில் மருத்துவப் படிப்பை முடித்தார். லெனினின் கட்சியான போல்ஷெவிக்கிலும் அவர் இல்லை, அப்போது. 1915இல் சுவிட்சர்லாந்தில் போர் எதிர்ப்பு சோஷலிஸ்டுகள் கூடிய சிம்மர்வால்ட் மாநாட்டில் லெனினின் இடதுசாரி அணியோடு அவர் நிற்கவில்லை. கட்சியில் சேர்ந்தது 1917 கடைசியில்தான். 'தொடக்கம் முதலே லெனினின் தோழர்' என்ற வரி பின்னாலிருந்து முன்னால் எழுதப்பட்ட வரலாறு.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ருமேனியாவின் யாஸி நகரச் சிறையிலிருந்து ரஷ்யப் படைவீரர்கள் அவரை மீட்டது 1917 மே 1. அன்றைய ரஷ்ய, ருமேனிய நாள்காட்டியில் அது ஏப்ரல் 18. இரண்டையும் கலந்து எழுதினால் ஒரே சம்பவம் இரண்டாகிவிடும்.

உக்ரைன் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தவறுகள் அதிகம் விளைவதும் இங்கேதான். 1919 முதல் 1923 வரை உக்ரைன் சோவியத் அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஆரம்பத்தில் உக்ரைன் தேசியக் கோரிக்கையை அவர் துச்சமாகப் பேசினார், உக்ரேனிய மொழியை அரசு மொழியாக்குவதைப் பிற்போக்கு என்றார். அதே மனிதர்தான் 1922-23இல் குடியரசுகளின் உரிமைக்காக ஸ்டாலினோடு மோதினார். ஒருவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக் கொடுமைக்காரர் என்பார், மற்றவர் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்து உரிமைக் காவலர் என்பார். அவர் நிலைப்பாடு மாறியது என்று ஆண்டோடு சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் அவர் ஏன் லண்டனுக்கும் பிறகு பாரிசுக்கும் தூதராக அனுப்பப்பட்டார் என்பதும் புரியும். அது கௌரவப் பதவி மட்டுமல்ல. அவரை உள்நாட்டு அரசியலிலிருந்து தள்ளிவைக்கவும் உதவிய பதவி.

1927இல் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு அஸ்த்ரகான், சரதோவ், பர்னாவுல் என்று நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊர்களுக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டார். 1934இல் ஸ்டாலினுக்குப் பணிந்தார். 1938 மார்ச்சில் மாஸ்கோவில் 21 பேர் மீது நடந்த, '21 பேர் வழக்கு' எனப்படும் அரசியல் விசாரணையில் தான் பிரிட்டிஷ், ஜப்பானிய உளவாளி என்று ஒப்புக்கொண்டார். தயவுசெய்து அந்த வாக்குமூலத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். அரசுத் தரப்பு மிரட்டிப் பிழிந்த கதை அது. 1988இல் சோவியத் நீதித்துறையே அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதே 1938இல் அவர் விசாரணை அதிகாரியிடம் உலக வங்கியாளர்களின் ரகசியங்களைக் கொட்டியதாக இணையத்தில் சுற்றும் நீண்ட உரையாடல் இன்னும் மோசம். பிராங்கோ கால ஸ்பெயினில் முதலில் அச்சான புனைவு அது, அவர் வாயில் வந்ததல்ல.

கடைசித் தவறு சாவில். தீர்ப்பு 20 ஆண்டு சிறை. மரண தண்டனை இல்லை. அதனால் 'சிறையில் இறந்தார்' என்று முடித்துவிடுகிறார்கள். அவர் அடைக்கப்பட்டிருந்தது ரஷ்யாவின் ஓரியோல் நகரச் சிறையில். ஜெர்மன் படை அந்த நகரை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 1941 செப்டம்பர் 11 அன்று, அந்தச் சிறையிலிருந்த 150க்கும் மேற்பட்ட கைதிகள், ரகோவ்ஸ்கி உட்பட, மெத்வெதேவ் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருக்கு அப்போது வயது 68.